இரைச்சலுக்குள் ஒரு குரல்

மட்டக்களப்புக்குப் புதிதாக வருவோர் கேட்கும் முதற் கேள்வி, "மீன் பாடுவது உண்மைதானா?" என்பதே. வாவியின் அடியிலிருந்து ஓர் ஓசை எழுவது உண்மை. அதனை எழுப்புவது மீனா, சிப்பியா, பிறிதோர் உயிரா என்னும் வழக்கு மட்டும் நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகின்றது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் அவ்வோசையைப் பாட்டிலே வைத்தார். இங்கு பணிபுரிந்த இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் 1950களில் அதனை ஒலிப்பதிவு செய்தார். இவ்வாரம் நாம் அவ்வழக்கிற் புகவில்லை. அவ்வோசையை நம்மவர் கேட்கும் முறையையே எடுத்துக்கொள்கின்றோம்.

பூரணை இரவு; காற்று அடங்கிய வேளை. கல்லடிப் பாலத்தின் அருகே தோணிக்காரர் தோணியை நிறுத்துவார். ஏறியிருப்போரைப் பேசாதிருக்கச் சொல்வார். துடுப்பின் ஒரு முனையை நீரினுள் இறக்கி, மறு முனையைக் காதோடு வைத்துக்கொள்ளச் சொல்வார். அப்பொழுது கேட்கும் அந்த மெல்லோசை. இதிலே மூன்று உபாயங்கள் உள: இரைச்சல் குறைந்த நேரத்தைத் தெரிதல், நம்மால் எழும் இரைச்சலை நிறுத்துதல், வெளியிரைச்சல் புகாத தனி வழியொன்றால் ஓசையைச் செவிக்குக் கொணர்தல். வானொலியும் கைத்தொலைபேசியும் செய்மதியும் ஆகிய கம்பியில்லாத் தொடர்புகள் யாவும் இன்றுவரை கையாளும் உபாயங்களுக்கு இவையே தோற்றுவாய் எனலாம்.

கம்பியில்லாத் தொடர்புக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று இரைச்சல், மற்றது மங்கல்.

இரைச்சல் பல வாயில்களால் வரும். மாரிக்கு முன்னர் மாலைதோறும் மின்னும் மின்னல், மத்திய அலையிலே படபடவென்று ஒலிப்பதை யாவரும் அறிவர். மோட்டார்களும் மலிவான மின்னேற்றிகளும் வேறொரு சீறலைத் தரும். இவை ஒன்றும் இல்லாத இடத்திலுங்கூட, கடத்தியினுள்ளே வெப்பத்தால் துள்ளும் இலத்திரன்களே ஓர் இரைச்சலை எழுப்பும். இதனை 1928இல் ஜோன்சன் அளந்து காட்ட, நைக்குவிஸ்ற் கணக்கால் விளக்கினார். காள் ஜான்ஸ்கி என்பார் தமது ஏரியலிற் கேட்ட மெல்லிய சீறல் பால்வீதியிலிருந்து வருவதென 1933இல் அறிவித்தார். ஆகவே இரைச்சலை அடியோடு ஒழித்தல் இயலாது. வெல்லுதலே இயலும்.

ஒலியைக் கூட்டினால் ஆகாதோ என மாணவர் கேட்பர். ஆகாது. நெல்லோடு பதரும் கலந்திருக்கையில் மரக்காலைப் பெரிதாக்கினாற் பதர் குறையுமா? முறமெடுத்துப் புடைத்தல் வேண்டும். எட்வின் ஆம்ஸ்றோங் 1933இற் காப்புரிமை பெற்ற பண்பலை முறை அத்தகையதொரு முறம். மின்னல், அலையின் உயரத்தையே பெரிதும் குலைக்கும். ஆம்ஸ்றோங் செய்தியை உயரத்தில் ஏற்றாது மீடிறனில் ஏற்றினார். வாங்கியிலே உயரத்தின் ஏற்றத்தாழ்வைச் சீவி எறிந்துவிட்டார். பதர் பறந்தது, நெல் நின்றது.

இனி மங்கல். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களைத் தமிழகத்தார் சிற்றலையிற் காத்திருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. பாட்டு நன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரெனக் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் தேயும். சற்றுப் பொறுத்து மீண்டும் மேலெழும். நிலையத்திற் பாடகர் குரலைத் தாழ்த்தவில்லை. வானிலே மிக உயரத்திலுள்ள அயன மண்டலத்தில் தெறித்து வந்த அலைகள் பல வழிகளால் ஒரே ஏரியலை அடைந்தன. முகடும் முகடும் சேர்ந்தபோது ஒலி பெருகிற்று. முகடும் பள்ளமும் சேர்ந்தபோது ஒன்றையொன்று அழித்தன. மேலேயுள்ள மண்டலம் ஓயாது அசைவதால் இப்பெருக்கமும் அழிவும் மாறி மாறி வந்தன.

இதே நாடகம் நமது வாவியின் மேலும் நடைபெறுகின்றது. எழுவான்கரையில் 40 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்று நிற்பதாகவும், 5 கிலோமீற்றர் அப்பால், படுவான்கரைப் பக்கம், தோணியில் ஒருவர் கைத்தொலைபேசியோடு அமர்ந்திருப்பதாகவும் கொள்வோம். கோபுரத்திலிருந்து ஓர் அலை நேரே வரும். மற்றொன்று நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்து வரும். உவர் நீர் வானலைக்கு நல்லதொரு கண்ணாடி. சாய்ந்து பட்டுத் தெறிக்கும் அலை தலைகீழாகப் புரண்டுவிடும், முகடு பள்ளமாகும். இரு வழிகளின் நீள வேறுபாடோ மிகச் சிறிது. காணும் விதி எளிது: இரு உயரங்களையும் பெருக்கி, இரட்டித்து, தூரத்தால் வகுக்க வேண்டும். அமர்ந்திருப்பவர் கையிலுள்ள பேசி நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே இருப்பின் வேறுபாடு 1.6 சென்ரிமீற்றர். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். ஆகவே நேர் அலையும் புரண்ட அலையும் ஏறக்குறைய ஒன்றன்மேலொன்று விழுந்து பெரும்பகுதி அழிந்துபோகின்றன. வெட்டவெளியாகிய வாவியில், கோபுரம் கண்ணெதிரே தெரியவும், பேசி பேச மறுப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

இப்பொழுது அவர் பேசியை 2 மீற்றர் உயரத்துக்கு உயர்த்தட்டும். வேறுபாடு 3.2 சென்ரிமீற்றராகும், எஞ்சும் அலையின் வீச்சம் ஏறத்தாழ இரு மடங்காகும், வலு நான்கு மடங்காகும். ஒரு மீற்றர் உயர்வுக்கு இத்துணைப் பயன்! படகுகளிலே ஏரியலைக் கம்பத்தின் உச்சியிற் கட்டுவதன் நியாயம் இதிலே தெளிவாகின்றது.

மங்கலுக்கு மற்றொரு மருந்து, ஒரு காதுக்குப் பதிலாகப் பல காதுகளை வைத்தல். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் றிவர்ஹெட் நிலையத்தில் பெவரேஜ், பீற்றர்சன் என்போர் மூன்று ஏரியல்களைத் தூரத் தூர நிறுத்தி, எதிலே ஒலி வலுவாக உள்ளதோ அதனைப் பயன்கொள்ளும் முறையை வகுத்தனர். கணக்கைப் பாருங்கள். ஓர் ஏரியல் பத்திலொரு பங்கு நேரம் மங்குவதாயின், ஒன்றையொன்று சாராத இரண்டும் ஒருங்கே மங்குவது நூறிலொரு பங்கு நேரந்தான். மூன்றும் மங்குவது ஆயிரத்திலொரு பங்கு. ஒரு வலையில் தப்பிய மீன் அடுத்த வலையில் விழுவது போலாம்.

மூன்றாவது மருந்து செய்தியிலேயே உள்ளது. அக்கரைத் தோணியை அழைப்பவர் ஒரு முறை கூவி நிறுத்துவதில்லை. காற்று ஒரு கூவலைக் கொண்டுபோனாலும் மறு கூவல் சேரும். இதனை ரிச்சட் ஹாமிங் 1950இல் நுட்பமான எண்கணிதமாக்கினார். செய்தியோடு சில காவல் எண்களைச் சேர்த்தனுப்பினால், வழியில் ஓரெண் பிழைத்தாலும் எது பிழைத்ததென வாங்கியே கண்டு திருத்திக்கொள்ளும். அதற்கும் முன்னே, 1948இல், குளோட் ஷானன் ஓர் எல்லையை நிறுவியிருந்தார்: இரைச்சல் எவ்வளவாயினும் அதற்கேற்ற வேகத்துக்குள் அடங்கி அனுப்பினால், பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைக்கலாம். நிதானமாகப் பேசுவோன் சந்தைக்குள்ளும் கேட்கப்படுவான் என்பதே அதன் சாரம்.

இத்துறையில் தமிழகத்தில் பிறந்த ஒருவரின் பெயர் ஓங்கி நிற்பதை மாணவர் அறிதல் நன்று. பொள்ளாச்சியில் 1944இற் பிறந்த ஆரோக்கியசாமி போல்ராஜ், இந்தியக் கடற்படையில் இருந்தபோது, நீருக்கடியில் ஓசை கொண்டு கப்பலை அறியும் சோனார் கருவியை ஆக்குவதில் முன்னின்றார். பின்னர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில், தோமஸ் கைலாத்துடன் சேர்ந்து, அனுப்புமிடத்திலும் வாங்குமிடத்திலும் பல ஏரியல்களை வைக்கும் முறைக்கு 1992இற் காப்புரிமை கோரினார். 1994இல் அது கிடைத்தது. அலைகள் பல வழிகளில் தெறித்து வருவதைப் பகையென அஞ்சியது பழைய அறிவு. அவ்வழிகள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியை ஏற்றிச் செல்லும் துறைகளாக்கலாம் என்பது போல்ராஜின் கருத்து. இன்றைய கைத்தொலைபேசிகள் இதனைக் கையாளுகின்றன. 2014இல் அவருக்கு மார்க்கோனிப் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். இம்முறை சுவர்களும் மாடிகளும் நிறைந்த நகரிலேதான் முழுப்பயன் தரும். திறந்த வாவியிலும் கடலிலும் தெறிக்கும் வழிகள் சிலவே. நகரத்தார் பெற்ற வசதி தோணிக்காரருக்கு அதே அளவிற் சேர்வதில்லை. உயிருக்கு ஆபத்து நேரும் இடமோ அவருடையது.

1978 நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கிய இரவை முதியோர் மறக்கவில்லை. 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, மாவட்டம் வெளியுலகத்தோடு பேச வழியற்றுக் கிடந்தது. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் நாவலடியையும் கல்லடியையும் அழித்த அதே நாளில் ஹம்பாந்தோட்டையும் அழிந்தது. அங்கே ஏனைய தொடர்புகள் அறுந்தபின், கொழும்போடு பேச உதவியது வானொலி ஆர்வலர்களின் சிற்றலைக் கருவி. மின்கலமும் ஏரியற் கம்பியும் அறிந்த மனிதரும் இருந்தால் அக்கருவி இயங்கும். புதியதைப் போற்றும் நாம் பழையதைக் குப்பையில் எறியாதிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இல்லத்தார் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம். பேசி மங்கினால் நின்ற இடத்திலேயே கத்தாதீர்கள். ஒரு சாண் நகர்ந்து பாருங்கள், ஏனெனில் அழிவிடத்துக்கும் பெருக்கிடத்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் அவ்வளவே. தோணியிலாயின், பேசியைக் கம்பொன்றிலே உயரக் கட்டி, எழுத்துச் செய்தியை அனுப்புங்கள்; ஒரு கணம் வழி திறந்தாலும் அது போய்ச் சேரும். மத்திய அலை வானொலி சீறினால், அருகிலுள்ள மின்னேற்றிகளை நிறுத்தி, பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் ஏரியல் திசையறிந்து வாங்குவதாதலின் ஒரு திசையில் இரைச்சல் தணியும். மாரி தொடங்குமுன் மின்கல வானொலியொன்றைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோணிக்காரர் நமக்குச் சொன்னதும் இதுவே: சற்றுப் பேசாதிருங்கள், துடுப்பைச் சரியான இடத்தில் இறக்குங்கள், காதைக் கொடுங்கள். ஆழத்திலிருந்து வரும் குரல் அப்பொழுது கேட்கும்.