தன் வழக்குக்குத் தானே ஜட்ஜா?

காஞ்சீபுரத்தில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவன், தான் நெய்த பட்டுச் சேலைக்குத் தானே தரம் சொல்லித் தானே கூலி போட்டுக்கொள்ள முடியாது. சங்கமானாலும் சரி, முதலாளி வீடானாலும் சரி, வேறொருவர் சேலையை விரித்துப் பார்த்துத்தான் குறை நிறை சொல்லுவார். இதை எந்த நெசவாளியும் தனக்குச் செய்த அவமானமென்று கருதுவதில்லை. ஆனால் இத்தேசத்தின் மேலான நியாயஸ்தலமாகிய சுப்ரீம் கோர்ட்டிலோ, ஒரு ஜட்ஜ் ஒரு வழக்கைக் கேட்கத் தகுந்தவரா அல்லவா என்பதை அந்த ஜட்ஜே தீர்மானித்துக் கொள்ளுகிறார். விலகினால் காரணம் சொல்ல வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. விலக மறுத்தால் அதற்கு மேல் போவதற்கு வேறு கோர்ட்டும் கிடையாது.

1997-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி அக்கோர்ட்டு ஜட்ஜுகள் கூடித் தங்களுக்கென்று சில நன்னடத்தை விதிகள் செய்துகொண்டார்கள். உறவினரோ நெருங்கிய சிநேகிதரோ சம்பந்தப்பட்ட வழக்கைக் கேட்கக் கூடாது என்றும், தாம் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கானால் அதை வெளியில் சொல்லி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் கேட்கலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் நடப்பு எப்படி இருக்கிறது என்பதற்கு 2019-ம் வருஷம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம்.

அவ்வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, அப்போதைய பிரதம நீதிபதி ரஞ்சன் கோகோய் அவர்கள்மீது ஒரு முன்னாள் பெண் ஊழியர் கொடுத்த புகாரைப்பற்றிக் கோர்ட்டு கூடியபோது, அவரே அதற்குத் தலைமை வகித்தார். புகாரை அவர் மறுத்தார். பின்னர் விசாரித்த ஜட்ஜுகள் கமிட்டியும் புகாரில் சாரமில்லை என்றது. ஆனால் அந்தக் கமிட்டியின் அறிக்கை வெளியிடப்படவில்லை. புகார் உண்மையா பொய்யா என்பது இங்கே நமது கேள்வியல்ல. குற்றம் சாட்டப்பட்டவரே அந்த ஆசனத்தில் உட்காரலாமா என்பதே கேள்வி.

செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 3 வரையில், கௌதம் நவ்லாகா என்பவரின் மனுவிலிருந்து ஐந்து ஜட்ஜுகள் காரணம் சொல்லாமலே விலகினார்கள். மனுதாரரோ கைதாவோமா மாட்டோமா என்று காத்திருந்தார். அக்டோபர் 23-ந் தேதி, நிலமெடுப்புச் சட்டத்தைப்பற்றித் தாம் 2018-ல் எழுதிய தீர்ப்பு சரியா என்று ஆராயும் பெஞ்சிலிருந்து விலகும்படி வழக்காடிகள் கேட்டும், ஜட்ஜ் அருண் மிஸ்ரா அவர்கள் மறுத்துவிட்டார். விமான நிலையத்துக்காக நிலம் போகுமோ என்று 2022 முதல் கலங்கி நிற்கும் பரந்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு, இது டில்லிச் சங்கதியாகத் தோன்றலாமா? அவர்கள் வழக்கும் ஒருநாள் அங்கே போய் நிற்கக்கூடியதுதானே!

மற்றவர்கள் விஷயத்தில் அக்கோர்ட்டு வைக்கும் அளவுகோலையும் பார்ப்போம். 2004-ம் வருஷம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கொலையுண்ட வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு 2005-ல் மாற்றியது சுப்ரீம் கோர்ட்டேயாகும். இங்கே நியாயம் கிடைக்காதோ என்று வழக்காடிக்கு ஏற்பட்ட அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இருந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. 2013-ல் எதிரிகள் விடுதலையானது வேறு விஷயம். கீழ்க்கோர்ட்டுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மேல்கோர்ட்டுக்கு மாத்திரம் ஏன் பொருந்தாது என்று நாம் கேட்கின்றோம்.

நம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கின்றது. முன்னே வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அது வேதம் படித்தவர்களின் சபை. பாடுபட்டவனுக்கு அங்கே இடமில்லை. ஆதலால் அதைப் புகழ்வது நமது நோக்கமல்ல. ஆயினும் அவர்கள்கூடத் தங்களுக்குள் ஒருவரையொருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

“விலகச் சொல்லும் உரிமையைக் கொடுத்தால், வக்கீல்கள் தங்களுக்கு வேண்டிய ஜட்ஜைப் பொறுக்கிக்கொள்வார்களே” என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்தப் பயம் வாஸ்தவமானதே. அதற்காகத்தான் அந்த மனுவை வேறு ஜட்ஜுகள் விசாரிக்கட்டும் என்கிறோம். பொய்க் காரணமானால் அவர்களே தள்ளிவிடுவார்கள். இங்கிலாந்தில் 1998-ல் பினோசே வழக்கில், ஒரு பிரபு தமக்குள்ள சம்பந்தத்தைச் சொல்லாமல் தீர்ப்பளித்தார் என்பதற்காக, அங்குள்ள மேலான கோர்ட்டே தன் தீர்ப்பை ரத்து செய்தது. அதனால் அக்கோர்ட்டின் மதிப்பு குறைந்து போய்விடவில்லை.

இங்கேயும் வெளிச்சம் சிறிது புகாமலில்லை. பிரதம நீதிபதியின் ஆபீசும் தகவல் அறியும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2019 நவம்பர் 13-ந் தேதி தீர்ப்பாயிற்று. 2025 மே மாதம் 21 ஜட்ஜுகளின் சொத்து விவரம் வெளியிடப்பட்டது. விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்று ஜட்ஜ் குரியன் ஜோசப் அவர்களும், அதற்கு விதிகள் வேண்டுமென்று ஜட்ஜ் லோகூர் அவர்களும் 2015-லேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது மூன்றே. விலகினாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். மறுப்பின்மேல் வேறு ஜட்ஜுகள் முடிவு செய்ய வேண்டும். சொத்துக் கணக்கு ஜட்ஜுகளின் இஷ்டத்துக்கு விடப்படாமல் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். கர்ப்பக்கிரகத் திரைக்குப் பின்னால் நடப்பதைக் கேளாதே, கும்பிடு என்று சொன்னபோது ஒப்பாத மக்கள், கோர்ட்டுத் திரைக்கு மாத்திரம் ஏன் கும்பிட வேண்டும்? ஜட்ஜும் மனிதர்தான். மனிதருக்குக் கணக்கு உண்டு.