உப்புக்காற்றில் ஒரு குதிரை

மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்

கலைப்பொருள் ஒன்றை மதிப்பிட அழகு, பழமை, விலை என்னும் மூன்று அளவுகோல்களை நாம் கையாளுகிறோம். மரக்காணத்து உப்பளக் கரையில் பிறந்து வளர்ந்த நான் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அப்பொருள் உப்புக்காற்றை எத்தனை காலம் தாங்கும்?

எங்கள் பக்கத்து வசதியான வீடுகள் சிலவற்றின் கூடத்தில் ஒரு குதிரைச் சிற்பம் நிற்கும். முன்னங்கால்களைத் தூக்கிய உலோகக் குதிரை. அடியில் பளிங்குப் பீடம். புதுச்சேரி அருகில் இருப்பதாலோ என்னவோ, "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று வீட்டுக்காரர் பெருமையோடு காட்டுவார். அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எதனால் ஆனது என்று கேட்டால் பெரும்பாலோர் "வெண்கலம்" என்பார்கள். அங்கேதான் ஐயம் எழுகிறது.

இவ்வகைக் குதிரைகள் பலவற்றுக்கு மூதாதை பிரான்சு நாட்டில் உண்டு. மன்னன் பதினைந்தாம் லூயியின் மார்லி அரண்மனைக்காக 1743 முதல் 1745 வரை கியோம் குஸ்து என்ற சிற்பி இரண்டு குதிரைகளைச் செதுக்கினார். திமிறும் குதிரையை ஒருவன் அடக்க முயலும் கோலம். அவை முழுக்க முழுக்கப் பளிங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைச் சிறிதாக்கி வெண்கலத்தில் வார்த்து விற்றார்கள். வெண்கலம் வாங்க முடியாதவர்களுக்குத் துத்தநாகக் கலவையில் வார்த்து, வெண்கல நிறம் பூசிக் கொடுத்தார்கள். பீடம் மட்டும் உண்மைப் பளிங்கு! துத்தநாகம் 419 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். செம்புக்கு 1085 பாகை வேண்டும். மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். சிற்பத்தைக் கவிழ்த்து, அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் இலேசாகச் சுரண்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பொன்னிறம் தெரிந்தால் செம்புக் கலவை. வெள்ளியைப் போல் வெளுத்திருந்தால் துத்தநாகம்.

நல்ல வெண்கலம் கடற்காற்றையும் பொறுத்துக்கொள்ளும். சென்னையில் 1839இல் நிறுவப்பெற்ற சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையே சான்று. பிரான்சிஸ் சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. அங்கவடி இல்லையே என்று ஊரெல்லாம் பேசுவார்கள். அது இத்தனை ஆண்டு கடலுக்கருகே நிற்கிறதே என்று வியப்பவர் குறைவு. வெண்கலத்தின் மேல் படியும் கரும்பச்சைத் தோல் அதற்குக் கவசம். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலுக்கு அடியில் புகுந்து ஈரமும் சேர்ந்தால், வெளிர்பச்சைத் தூள் பூத்து உள்ளிருந்தே தின்னும். துத்தநாகமோ வெள்ளைத் தூளாய்ப் பூக்கும்.

பளிங்குக்கு வேறு கேடு. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல நம் வீடுகளில் குதிரையையும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம். பளிங்கோ கால்சியம் கார்பனேட். மேலிருந்து வழியும் புளிக்கரைசல் பீடத்தின் பளபளப்பை அரித்துவிடும். உலோகத்தின் கவசத் தோலும் போகும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும் என்று முதலாமாண்டு மாணவனும் தன் வீட்டில் சொல்லலாமே!

எல்லாவற்றிலும் பெரிய பகை கண்ணுக்குத் தெரியாதது. பீடத்தோடு குதிரையைப் பிணைக்க உள்ளே ஓர் இரும்பு ஆணி இருப்பதுண்டு. உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் பளிங்கையே பிளந்துவிடும். இந்த ஆணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான்.

குதிரை இக்கரைக்கு விருந்தாளி. மேற்கிலிருந்து மரக்கலங்களில் வெண்ணிறப் பிடரிமயிர்க் குதிரைகள் நீர்ப்பெயற்றுத் துறையில் வந்திறங்கியதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. மரக்காணம்தான் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் மடிவதைக் கண்டு எழுதினார். வாங்கத் தெரிந்தும் வைத்துக்கொள்ளத் தெரியாத குணம் நமக்குப் பழையதுதான் போலும்.

ஆனால் எளிய மக்கள் தமக்கென்று ஒரு குதிரையைப் படைத்துக்கொண்டார்கள். அதுவே ஐயனாரின் மண்குதிரை. அது உப்புக்குத் தப்புமா? தப்பாது. சுட்ட மண்ணின் நுண்துளைகளில் உப்புநீர் ஏறிப் படிகமாகும்போது பொருக்குப் பொருக்காய் உதிரும். உப்புப் பாத்தியின் வரப்பில் இதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆயினும் அதற்காக யாரும் கலங்கியதில்லை. உதிர்ந்தால் புதிது செய்வார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் அதைப் புரவி எடுப்பு என்று விழாவாகவே நடத்துகிறார்கள். பொருளைக் காப்பது ஒரு வழி. பொருளைச் செய்யும் கையைக் காப்பது மற்றொரு வழி. நம் முன்னோர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். பாரிசு நகரமே மார்லிக் குதிரைகளை வெளியில் வைத்துக் காக்க முடியாமல் 1984இல் லூவர் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய், பழைய இடத்தில் படிகளை நிறுத்தியது.

இப்போது எங்கள் சிற்றூரில் ஒரு பேச்சு நடக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயல் மழையில் கோயில் குதிரைகள் சிதைந்துவிட்டன. "இனி மண் வேண்டாம், கம்பி கட்டிச் சிமெண்டில் பெரிதாய்ச் செய்து வண்ணம் பூசிவிடுவோம். நிரந்தரமாய் இருக்கும்" என்கிறார்கள் பெரியவர்கள். அவர்கள் பக்தியில் குறையில்லை, செலவுக்கும் தயங்கவில்லை. வேதியியல்தான் ஒத்துழைக்காது. சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி, பளிங்குக்குள் இருக்கும் அதே ஆணி. உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருவேறி வீங்கும், காலில் தொடங்கி விரிசல் விடும். கடலோரக் கட்டடங்களின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று திருத்த யார் வருவார்? குதிரை செய்த குயவர் வீட்டுப் பிள்ளை அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பக்கத்து ஊரில் இன்னும் சக்கரம் சுற்றும் ஒருவரைக் கண்டு பேசினேன். உடலைப் பகுதி பகுதியாய் வனைந்து சுட்டு, கோயிலிலேயே பொருத்தித் தரலாம் என்றார். இரும்பு வேண்டாமா என்று கேட்டேன். "கால் கனமா இருந்தா போதும் தம்பி, கம்பி எதுக்கு?" என்றார். தை பிறந்து வெயில் ஏறினால்தான் மண் காயும், சூளை வைக்க முடியும் என்றும், அதுவரை ஊரார் பொறுப்பார்களா என்றும் கேட்டார். சிமெண்டு வேலைக்கு முன்பணம் கொடுக்கப் பொங்கலுக்கு முன் கூட்டம் போடுகிறார்கள். விடுமுறைக்கு வரும் எங்கள் ஊர் மாணவர்கள் அத்தனை பேரும் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும்.