அரண்மனையோ, மாளிகையோ?

இத்தாலிய வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் ‘பலாட்ஸோ’ என்னுஞ் சொல் வந்தவிடமெல்லாம் ‘அரண்மனை’ எனப் பெயர்த்துச் செல்கின்றனர். இது பொருந்தாதென்பது எமது துணிபு.

உரோமாபுரியின் ஏழு குன்றுகளுள் ஒன்றற்கு இலத்தீன் மொழியிற் ‘பலாட்டியம்’ என்று பெயர். அகஸ்துஸ் பேரரசர் அதன்மேல் வாழ்ந்தார். பின்வந்த பேரரசர் பலரும் ஆங்கே மாடங்கள் எடுப்பித்தனர். குன்றின் பெயர் கோமான் மனைக்காயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். ஆங்கிலத்துப் ‘பாலஸ்’ என்பதும் இவ்வேரிற் கிளைத்ததே.

ஆயின், இத்தாலியில் அச்சொல் அரசனோடு நின்றுவிடவில்லை. புளோரன்ஸ் நகரில் 1299-இல் தொடங்கப்பெற்ற ‘பலாட்ஸோ வெக்கியோ’, குடியரசை நடத்திய தலைவர்களுக்கென எழுந்தது. பிற்காலத்தே கோசிமோ என்னுங் கோமகன் அதிற் சிலகாலம் வாழ்ந்ததுண்டு. அதனால் அதன் பிறப்பு மாறிவிடுமோ? அந்நகரத்து மெதிச்சி குடும்பத்தார் 1444-இல் எழுப்பத் தொடங்கிய பலாட்ஸோவோ வணிகர் இல்லம். வங்கித் தொழிலோடு கம்பளித் தொழிலும் பட்டுத் தொழிலும் அவர்கட்கு உண்டு. இந்நாளில் நீதிமன்றக் கட்டடமும், பல குடும்பங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடும் அங்கே பலாட்ஸோவே. (நம் துணிக்கடைகளில் அஃது அகன்ற காற்சட்டைக்கும் பெயராகிவிட்டது!)

காஞ்சியையடுத்த ஐயம்பேட்டையிற் பட்டு நெய்வோர் இல்லங்களைக் கண்டவர்க்கு யாம் கூறுவது எளிதில் விளங்கும். ஆங்கே தறி கிடக்கும் இடமும் குடும்பம் வாழும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தவை. வெனிஸ் வணிகரது பலாட்ஸோவிலும் கீழ்த்தளம் படகினின்று பண்டங்களை இறக்கிவைக்குங் கிடங்கு. மேற்றளம் குடும்பம் வாழுமிடம். அளவும் செல்வமும் வேறாயினும் வகை ஒன்றே. இத்தகைய மனையை அரண்மனை என்றால், படிப்போர் இல்லாத மன்னனைத் தேடுவர். குடிமக்கள் தம்மைத் தாமே ஆண்டதும், வணிகர் தம் பொருளால் நகரை அழகு செய்ததும் மறைந்துபோம். எமக்கு வருத்தந் தருவது இதுவே.

சொற்பொருள் இடம்பெயர்தல் தமிழர்க்குப் புதிதன்று. ‘கோயில்’ என்பது கோவின் இல். சிலப்பதிகாரத்திற் பாண்டியன் அரண்மனையையும் அச்சொல் குறிக்கின்றது. இன்றோ அஃது இறைவன் உறையும் இடத்திற்கே உரியது. கிறித்தவ மக்களும் ‘மாதாகோயில்’ என வழங்குகின்றோம். அரசனுக்குரிய சொல்லை யாம் ஆண்டவனுக்கு உயர்த்தினோம்; இத்தாலியர் அதனைக் குடிமக்கள் கையிற் கொடுத்தனர்.

ஆதலின், வணிகர் மனையை ‘மாளிகை’ என்றும், நகராட்சி நடந்த கட்டடத்தை ‘நகர மன்றம்’ என்றும், பலர் வாழ்வதை ‘அடுக்குவீடு’ என்றும் எழுதலாம். மன்னர் மெய்யாகவே வாழ்ந்த இடத்திற்கு ‘அரண்மனை’ இருக்கவே இருக்கின்றது.