பூவரசும் காட்டுப்பூவரசும்

எங்கள் பெரியபட்டினத்தில் பூவரசுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. போத்தை வெட்டி ஊன்றினால் போதும், உப்புக்காற்றிலேயே தழைத்துவிடும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று வேறொரு மரம் உண்டு. பெயரில்தான் உறவு, அது ரோடோடென்ட்ரான் இனம். தையிலும் மாசியிலும் புல்வெளி ஓரங்களில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும்.

இந்த இனத்தை நான் முதலில் பார்த்தது மலேசியாவில். கேமரன் மலையில் மளிகைக்கடை வேலையில் இருந்தேன். பிரிஞ்சாங் உச்சியில் பாசி மூடிய மரக்கிளைகளின் மேல் வெள்ளைப் பூ, மல்லிகைபோல் நீண்ட காம்பு. ‘ஜாஸ்மினிஃப்ளோரம்’ என்றார்கள். உறைபனி தாங்காத வெப்பமண்டல வகை அது. 1840-களில் தாமஸ் லாப் என்பவர் இந்த வகைச் செடிகளைத் தென்கிழக்கு ஆசியாவில் சேகரித்து, இங்கிலாந்தின் வீட்ச் நாற்றுப்பண்ணைக்கு அனுப்பினார். அங்கே நிலக்கரி எரித்துச் சூடாக்கிய கண்ணாடி வீடுகளில் வளர்த்து, கலப்பினம் செய்து, நூற்றுக்கணக்கில் புது ரகங்களை உண்டாக்கினார்கள். பிறகு மோகம் குறைந்தது. முதல் உலகப்போரில் நிலக்கரிக்கும் ஆளுக்கும் பஞ்சம் வர, பெரும்பாலான ரகங்கள் அழிந்தன. அடுப்பு அணைந்ததும் செடியும் போயிற்று.

ஊர் திரும்பியபின் நானும் ஆசைப்பட்டேன். குன்னூரிலிருந்து அசேலியா கன்று ஒன்று கொண்டுவந்தேன், அதுவும் ரோடோடென்ட்ரான்தான். பச்சை வலை கட்டி, தென்னைநார்க் கழிவில் நட்டு, உவர்க் கிணற்றை விட்டுக் காசு கொடுத்து வாங்கிய குடிநீரையே ஊற்றினேன். “குடிக்கிற தண்ணிய இதுக்கு ஊத்துறீகளே, நம்ம ஊரு இதுக்கு ஆகுமா?” என்று என் மனைவி கேட்டாள். ஒருமுறை தண்ணீர் வண்டி வராததால் கிணற்று நீரை ஊற்ற வேண்டியதாயிற்று. நரம்பு மட்டும் பச்சையாக, இலை முழுக்க மஞ்சள் பாய்ந்தது. புளிப்பு மண்ணில் வாழும் செடி அது. எங்கள் கிணற்றின் சுண்ணாம்பு நீரில் அதற்கு இரும்புச்சத்து ஏறாது. வைகாசிப் புழுக்கம் மிச்சத்தை முடித்துவிட்டது. பகல் வெயிலைக்கூட வலை போட்டு மறைக்கலாம், இரவை எப்படிக் குளிரவைப்பது?

இப்போது வசதியுள்ள சிலர் ஏசி போட்ட கண்ணாடி அறையில் மலைச்செடி வளர்க்கப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். குடிநீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் கரையில் அது தவறான செலவு. மின்சாரம் ஒருநாள் நின்றால் அந்தச் செடிக்கு அதுதான் கடைசி நாள்.

காட்டுப்பூவரசுக்கு யாரும் அறை கட்டவில்லை. ஊட்டி உறைபனியிலும் அது தானாக நிற்கிறது. அதன் புல்வெளிகளைத்தான் அயல்நாட்டுச் சீகை மரங்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அரசு காசும் நம் அக்கறையும் போகவேண்டிய இடம் அது. சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை தடையில்லாமல் நடக்கவேண்டும். தை மாதம் ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்தச் சிவப்பைக் கண்ணாரப் பாருங்கள். கன்றை மட்டும் பிடுங்கி வராதீர்கள்.