தொண்டையில் நின்ற உருண்டை

சென்ற மழைக்காலத்தில் நம் தொண்டையில் நெல்லிக்காய் ஒன்று குடிபுகுந்தது. விழுங்கினால் இறங்காது, காறினால் வெளிவராது. கூட்ஸ் ஆபீசில் ரசீது எழுதும்போதும் எச்சிலை விழுங்கியவண்ணமே இருந்தோம். ஆறு வாரங்கள் வீட்டில் வாய் திறக்கவில்லை. நாகபுரிக்கு வந்த பதினோர் ஆண்டுகளில், பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்பிட்டுத் தேய்த்த 'கர்ரா'வை மெல்லும் பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே மனம் எந்த நோயை நினைத்து நடுங்கிற்று என்பதை அன்பர்களே ஊகிக்கலாம்.

கண்டுபிடித்தவள் நம் மனையாள். “ஏங்க, சாப்பிடும்போது அது எங்கே போகுது?” என்று கேட்டாள். யோசித்தோம். சோறும் சப்பாத்தியும் தடையின்றி இறங்கின. உண்ணும் வேளையில் உருண்டையின் நினைவே இல்லை! வெறும் எச்சிலை விழுங்கும்போதுதான் அது தலைகாட்டிற்று.

வைத்தியரும் முதலில் இதையே வினவினார் என்றால் நம்புவீர்களா? பின்னர் மூக்கின் வழியே மெல்லிய குழலைச் செலுத்திக் குரல்வளையைப் பார்த்தார். கட்டி ஏதுமில்லை. உணவுக்குழாயின் வாயில் வளையம்போல் ஒரு தசை உண்டாம். இரைப்பையின் புளிப்பு மேலேறி வந்தாலும், கவலை மிகுந்தாலும் அது இறுகுமாம். அடிக்கடி விழுங்குவதும் காறுவதும் அவ்வுணர்வை வளர்க்குமேயன்றித் தணிக்காது. இரவுப் பணி முடிந்து பசியோடு வந்து, வயிறு நிறைய உண்டு, உடனே படுப்பவர் நாம். ஊரில் தனித்திருக்கும் அன்னையைப் பற்றிய கவலை வேறு. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? உண்டபின் மூன்று மணி நேரம் கழித்தே படுக்கவும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தவும், தொண்டை உறுத்தினால் ஒரு மிடறு நீர் பருகவும் சொன்னார். இரண்டு மாதங்களில் நெல்லிக்காய் கரைந்தது.

முன்னாளில் இதனை 'குளோபஸ் ஹிஸ்டெரிகஸ்' என்றழைத்து, பெண்களின் மனக்கோளாறு என்று ஒதுக்கினர். நோயாளர் பலர் அத்தகையவர் அல்லர் என்று கண்ட மால்கம்சன் என்னும் மருத்துவர் 1968இல் 'குளோபஸ் பேரிஞ்சியஸ்' என்று பெயரை மாற்றினார். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கினாலும், மூக்குச்சளி பின்புறமாக வடிந்தாலும் இவ்வுணர்வு தோன்றக்கூடும். இரும்புச்சத்து மிகக் குறைந்த பெண்களுக்கு உணவுக்குழாயில் மெல்லிய சவ்வு படர்ந்து, திட உணவு தடைபடுவதும் உண்டு. அது வேறு நோய்.

இதையெல்லாம் பெருமிதத்தோடு ஆபீசில் விவரித்தோம். அதுவே பிழையாயிற்று. பார்சல் பகுதி நண்பர் ஒருவர், “எனக்கும் அதுதான் சார், உருண்டை மாதிரி” என்று சிரித்தார். அவரும் கர்ரா மெல்பவர். நம் கதையைக் கேட்டு, வைத்தியரிடம் போகாமலே நிம்மதியடைந்துவிட்டார்! ஒருநாள் மதிய உணவில் அவருக்குச் சப்பாத்தி சிக்கியது. நீர் குடித்துத் தள்ளினார். குரல் கரகரத்து ஒரு மாதமாயிற்று என்றும், ஒரு பக்கக் காதில் வலி என்றும் அப்போதுதான் சொன்னார். உடல் இளைத்திருந்ததை நாமே கண்டோம். நம் உருண்டைக்கு இவற்றில் ஒன்றேனும் இருந்ததில்லை. மறுநாளே கையைப் பற்றி அழைத்துச் சென்றோம். சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்தனர், புற்றுநோய்தான்.

அவருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. கர்ராவை நாம் அன்றே விட்டோம். அவருடைய ரசீதுப் புத்தகத்தையும் இப்போது நாமே எழுதுகிறோம்.