வெட்டிச் சேர்ப்பதும் உண்டு

ஊத்துக்கோட்டை ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் கிருஷ்ணா நதியின் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நுழையும் இடத்துக்கு ‘ஜீரோ பாயிண்ட்’ என்று பெயர்.

அந்தத் தண்ணீர் தானாக வரவில்லை. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரி வரை 177 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். அதில் 152 கிலோமீட்டர் ஆந்திராவில் இருக்கிறது. 25 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1996-ல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் எல்லையில் வந்து சேரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

‘கால்வாய் வெட்டினார்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்றை வெட்டினால் இரண்டாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால், இங்கே பூமியை வெட்டினார்கள். எங்கோ ஓடும் ஆறும் சென்னைப் பட்டணத்தின் குடமும் ஒன்று சேர்ந்தன!

எத்தனை சொற்கள்!

வெட்டுகிற வேலைக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. காயை நறுக்குகிறார்கள். கீரையை அரிகிறார்கள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறார்கள். துணியைக் கத்தரிக்கிறார்கள். நெல்லை அறுக்கிறார்கள். கரும்பை வெட்டுகிறார்கள். ‘கரும்பை நறுக்கினான்’ என்றால் வீட்டில் தின்பதற்கு என்று பொருள். ‘கரும்பு வெட்டினான்’ என்றால் வயலில் கூலிவேலை என்று பொருள். ஒரு சொல் மாறினால் இடமே மாறிவிடுகிறது.

எல்லை தாண்டினால் இன்னொரு வேடிக்கை. தமிழில் மின்சாரம் நின்றால் ‘மின்வெட்டு’. தெலுங்கில் அதற்குக் ‘கோத’ என்று பெயர். நெல் அறுவடைக்கும் அங்கே அதே ‘கோத’தான். வீண் பெருமை பேசுகிறவனைக் ‘கோதலு’ கோய்கிறான் என்பார்கள். தமிழில் அப்படிப்பட்டவன் ‘கதை அளக்கிறான்’. ஓயாமல் பேசிச் சலிப்பூட்டுகிறவனோ ‘அறுக்கிறான்’!

ஆக்கும் வெட்டு

கிணறு வெட்டுவது, குளம் வெட்டுவது எல்லாம் ஆக்க வேலை. நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் வாசனை வேருக்கு வெட்டிவேர் என்று பெயர். அந்தத் தமிழ்ப் பெயர் கப்பல் ஏறி, பிரெஞ்சு தேசத்து அத்தர்க் கடைகளில் ‘வெட்டிவேர்’ என்றே இன்றும் வழங்குகிறது.

கல்லில் எழுத்தை வெட்டினால் அது கல்வெட்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 10-ஆம் நூற்றாண்டில், ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் அவை அழியவில்லை.

‘வெட்டி வேலை’, ‘வெட்டிப் பேச்சு’ என்பவை மட்டும் வேறு வழியில் வந்தவை. கூலி இல்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு ‘வெட்டி’ என்ற பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. பயன் தராத உழைப்பு, பயன் தராத பேச்சு என்ற பொருள் அதிலிருந்து பிறந்தது.

அழிக்கும் வெட்டு

இனி, குடும்பங்களைப் பாழாக்கும் வெட்டுக்கு வருவோம்.

கால்வாய் வெட்டும் அதே மண்வெட்டிதான் வரப்பையும் வெட்டுகிறது. புல் செதுக்கும்போது இந்த வருஷம் இரண்டு விரல்கடை. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு விரல்கடை. வரப்பு மெலிகிறது. பக்கத்து வயல்காரர் அயலார் அல்ல. கூடப் பிறந்த அண்ணன்தான். முதலில் பேச்சு தடிக்கிறது. ‘வெட்டு ஒன்று, துண்டு இரண்டு’ என்று தம்பி பேசுகிறான். ‘இன்றோடு உறவை வெட்டிவிட்டேன்’ என்று அண்ணன் சொல்கிறான். பிறகு கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை. வழக்குச் செலவு நிலத்தின் விலையைத் தாண்டுகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

நிலத்தில் வெட்டியதைத் திருப்பி அடைத்துவிடலாம். இரண்டு கூடை மண் போதும். நாக்கால் வெட்டியதை அடைக்க எந்த மண்ணும் உதவாது. அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீட்டில், குழந்தைகள் பெரியப்பா முகமே தெரியாமல் வளர்கிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மனுக் கொடுத்து, கட்டணம் கட்டினால், சர்வேயர் வந்து நிலத்தை அளந்து காட்டுவார். இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க, எல்லைக்கல்லை நட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. வாய்ச்சண்டைக்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் இது. கோர்ட்டுப் படி ஏறிய பிறகு யோசிப்பதில் லாபம் இல்லை.

இரண்டு ராஜ்யங்கள் பேசி முடித்து, 177 கிலோமீட்டர் வெட்டித் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு முழ வரப்பைப் பேசி முடிக்க முடியாதா? மண்வெட்டியை ஓங்கும் முன், இது வாய்க்காலுக்கா, வரப்புக்கா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்பது நல்லது.