தலைவிதியா? சர்க்காரின் அசட்டையா?

நமது நாட்டில் புயலில் ஜனங்கள் மாண்டால் அது தலைவிதி. வெள்ளத்தில் ஊர் அழிந்தால் அது தெய்வ கோபம். பிறகு மந்திரிகள் ஆகாய விமானத்தில் பறந்து பார்த்து, செத்தவன் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் அது தர்மம். விதி என்று ஜனங்கள் நம்புகிறவரை சர்க்காரை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

1934 ஜனவரி 15-ந் தேதி பீகார் பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று தோழர் காந்தியார் சொன்னார். கவி தாகூர் அதை வெளிப்படையாய் மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் தள்ளி வைத்தவன் யார், தள்ளி வைக்கப்பட்டவன் யார் என்று பார்த்தா பூமி அசைந்தது?

விதி மாறாதது என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும். 1999 அக்டோபர் 29-ந் தேதி ஒடிசாவில் அடித்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013 அக்டோபர் 12-ந் தேதி அதே ஒடிசாவில் பைலின் புயல் அடித்தது. செத்தவர்கள் 50-க்கும் குறைவு. முந்தியது சற்றுக் கடுமையான புயல்தான். ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்குக் காற்றின் வேகம் மட்டும் காரணமாகுமா? கடல் அதே கடல். பூரி ஜெகந்நாதரும் அதே ஜெகந்நாதர். மாறியது நிர்வாகம் ஒன்றேயாகும். 1999 முடிவதற்குள் அந்த மாகாண சர்க்கார் இதற்கென்றே தனி ஸ்தாபனம் ஏற்படுத்திற்று. கரையோரம் புயல் காப்பிடங்கள் கட்டப்பட்டன. வானிலை இலாகாவின் எச்சரிக்கை கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. சுமார் 10 லட்சம் பேர் காற்றடிப்பதற்கு முன்பே அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறானதையும் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அந்த அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரம் போல ஆயிற்று. கிழவனும் குழந்தையும்கூட நடந்தே தப்பியிருக்கக்கூடிய நேரம் அது! ஆனால் சொல்வாரில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சுனாமியைக் கண்டு சொல்லும் நிலையம் ஐதராபாத்தில் ஏற்பட்டது 2007-இல்தான்.

அதன் பிறகு 2005-இல் பேரிடர் நிர்வாகச் சட்டம் வந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதம மந்திரி தலைவர், மாகாணத்துக்கு முதல் மந்திரி, ஜில்லாவுக்குக் கலெக்டர். திட்டம், மீட்புப் படை, நிதி எல்லாம் காகிதத்தில் ஒழுங்காகவே இருக்கின்றன. நடப்பு என்ன? தேசியத் திட்டம் வெளிவந்தது 2016-இல், பதினோரு வருஷம். ஆபத்தை முன்கூட்டிக் குறைப்பதற்கான தேசிய நிதி ஏற்பட்டது 2021-இல், பதினாறு வருஷம். உத்தரகண்டத்தில் 2007-இல் அமைத்த ஆணையம் ஒரு தடவைகூடக் கூடவில்லை என்று 2013-இல் வந்த தணிக்கை அறிக்கை சொல்லிற்று. அதே வருஷம் ஜூன் மாதம் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டு போயிற்று. யாத்திரை போனவர்களைக் கேதாரநாதரும் காப்பாற்றவில்லை. கூடாத ஆணையமும் காப்பாற்றவில்லை.

அச்சட்டத்தின் 61-வது பிரிவு, நிவாரணத்தில் ஆண் பெண், ஜாதி, மத பேதம் பார்க்கக் கூடாது என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் வீடிழந்து நிற்கிறவனுக்குச் சோறு போடும்போதும் ஜாதி பார்க்காதே என்று சட்டம் போட வேண்டிய நாடு உலகத்தில் வேறு எது என்று கேட்கிறோம்.

தோழர்களே! ஜில்லாத் திட்டத்தை வருஷந்தோறும் திருத்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. ஆகவே மழைக்காலம் வருமுன் கலெக்டரிடம் போய்க் கேளுங்கள்: அதில் நம் கிராமம் உண்டா? எந்தக் கட்டடத்தில் தங்குவது? நடுராத்திரியில் வந்து எழுப்புகிறவன் யார்? சேரி ஜனங்களுக்கும் அதே கதவு திறக்குமா? இதற்குப் பதில் சொல்ல முடியாத சர்க்கார், செத்த பின்பு கொடுக்கும் பணத்தைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதையற்றதாகும். சாகாமல் காப்பது அதன் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நமது உரிமை.